முப்பத்தொன்றுக்கு மேலே

பிப்ரவரி. சாட்ஸ்வொர்த்.
டயாலிசிஸ் மையத்தின் கூரைமேல்
ஸ்பேனரைக் கீழே வைத்தால்
திரும்ப எடுக்கத் துணி வேண்டும்.

குழாய்க்குள் ஓடுவது கரியமில வாயு.
இப்போது நான் விட்ட மூச்சில் இருப்பதுதான்,
இங்கே தொண்ணூற்றெட்டு பார் அழுத்தத்தில்.
முப்பத்தோரு டிகிரிக்குக் கீழே இறக்கிவிட்டால்
சொன்ன பேச்சு கேட்டுத் திரவமாகும்.
அதற்கு மேலே
வாயுவும் இல்லை, திரவமும் இல்லை,
கையெழுத்தாகாத பத்திரம்.
டர்பனில் நிழலுக்கே முப்பத்துநாலு.

கம்பெனியிலிருந்து ஒரு வரி வந்தது:
பெரிய கம்ப்ரஸர் போடுங்கள்.
விலை அடுத்த பக்கத்தில்.
நானும் ந்துமிசோவும் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம்.
ஏற்கெனவே தொப்பலாக நனைந்த காற்று
இன்னும் எதைக் குடிக்கும்?
விசிறி சுற்றியது.
அம்மீட்டர் முள் இருபத்திரண்டில்
குத்தவைத்து உட்கார்ந்திருந்தது.

ஃபில்டர் மாற்றக் கீழே போனேன்.
பதினான்கு நாற்காலி. நீட்டிய பதினான்கு கை.
மூன்றாவதில் தேசிகன்,
பள்ளியில் எனக்கு இரண்டு பெஞ்சு பின்னால் இருந்தவன்.
"கோகி, இன்றைக்கும் அடுப்புதானா?"
அவன் தோளருகே ஒரு குழல்:
ரத்தம் மேலிருந்து கீழே,
மருந்துநீர் கீழிருந்து மேலே,
நடுவில் மயிரிழைச் சவ்வு.
ஒன்று மற்றொன்றில் கலக்கவில்லை.
எதிரெதிராகப் போகிறபோதே
கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுகின்றன.
அழுக்கு ஃபில்டரைக் கையில் பிடித்தபடி
கொஞ்சம் அதிக நேரமே நின்றுவிட்டேன்.
"என்னைப் பார்க்கிறாயா, மெஷினையா?" என்றான்.
மெஷினை என்றேன். பொய் இல்லை.

பின்சுவரில் நாலு வருடமாகச் சொட்டுகிறது
ஏசி உறிஞ்சிய ஈரம்.
பாசியைப் பற்றி மூன்று புகார்க் கடிதங்கள்
எனக்கே வந்திருக்கின்றன.
வாளி வைத்தேன். மணிக்குப் பதினெட்டு லிட்டர்.
கையை விட்டால் விரல் மரத்தது.
யாருடைய நீர் இது?
துடைத்த தரை, நர்ஸுகளின் தேநீர் ஆவி,
கதவு திறக்கும்போதெல்லாம்
டிக்கெட் இல்லாமல் நுழையும் இந்தியப் பெருங்கடல்.
அப்புறம்
நாளுக்கு அரை லிட்டர் என்று
அளந்து குடிப்பவர்கள்
அளக்காமல் விட்ட மூச்சு.

எஃகுக் குழாய்க்கு மேல் இன்னொரு குழாயை
உறையாக மாட்டி, ந்துமிசோ பற்றவைத்தான்.
வாயு மேலிருந்து கீழே. நீர் கீழிருந்து மேலே.
பழைய ஃபிரிட்ஜின் உள்நுரையைச் சுற்றி
ஒரு பெரிய டிரம்:
இரவெல்லாம் சேர்த்து வைத்து
உச்சி வெயிலில் மூன்று மணி நேரம் செலவழிக்க.
வடிவம் அசிங்கம். ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது.
ந்துமிசோ அதற்கு என் பெயரை வைத்துவிட்டான்.

முதல் நாள் லோட்ஷெடிங் வந்து கெடுத்தது.
இரண்டாம் நாள் ஒரு மூட்டு ஒழுகியது.
மூன்றாம் நாள் மதியம்
கூலரைத் தாண்டி வரும் வாயு
முப்பத்தெட்டிலிருந்து முப்பத்தைந்துக்கு இறங்கியது.
மூன்றே டிகிரி.
முப்பத்தொன்று இன்னும் எட்டாத தூரத்தில்தான்.
ஆனால் வால்வை ஊசிமுனை அளவு திறந்து திறந்து
அழுத்தத்தைத் தொண்ணூறுக்குக் கொண்டுவந்தேன்.
கம்ப்ரஸரின் குரல் மாறியது,
மூட்டையை ஒரு தோளிலிருந்து
மறுதோளுக்கு மாற்றிக்கொண்டவன்போல.
முள் எழுந்து நடந்து
இருபதுக்கும் கீழே போயிற்று.

பெருமையோடு படியிறங்கினேன்.
தேசிகன் கழுத்துவரை போர்வை.
உடம்புக்கு வெளியே சுற்றிவரும் ரத்தம்
வழியில் சூட்டைத் தொலைத்துவிட்டுத் திரும்புகிறது.
"கோகி, உனக்குப் புண்ணியமாகப் போகும்,
குளிரைக் கொஞ்சம் குறை."

மறுபடி மேலே ஏறினேன்.
இரண்டு டிகிரி கூட்டி வைத்தேன்.
முள் பதினேழில் நின்றது.

கம்பெனிக்கு அனுப்பும் அறிக்கையில்
இந்தக் கடைசி இரண்டு ஆம்பியரை
யார் கணக்கில் எழுதுவது?